சுவத்துல விரிசலா? முதல்ல பென்சிலை எடுங்க!

சிமென்ட்டுக்குப் பேர் போன ஊர் அரியலூர். ஆனா அங்கேயும், பக்கத்து பெரம்பலூர்லயும் புது வீட்டுச் சுவர்கூட விரிசல் விடும். 'கலவையில சிமென்ட் கம்மி'னு கொத்தனாரைத் திட்டறதுக்கு முன்னாடி, காலுக்குக் கீழே பாருங்க பாஸ்!

அங்கே பல இடங்கள்ல இருக்கிறது கரிசல் மண். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஹீரோ, வீட்டுக்கு வில்லன். அதுல இருக்கிற மான்ட்மோரிலோனைட்ங்கிற களிமண் கனிமம் மழையில தண்ணி குடிச்சு உப்பும். கோடையில சுருங்கி வெடிக்கும். ஐப்பசியில ஏறி, சித்திரையில இறங்குற அஸ்திவாரத்து மேல நிற்கிற சுவர் என்னதான் பண்ணும்?

அதனாலதான் பென்சில். விரிசலோட ரெண்டு முனையிலயும் கோடு போட்டு, தேதி எழுதுங்க. ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். விரிசல் கோட்டைத் தாண்டிடுச்சா? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாவோ, படிக்கட்டு மாதிரியோ, காசு நுழையற அகலத்துல ஓடுதா? தயவுசெஞ்சு பட்டி பூசி மறைக்காதீங்க. ஆபத்தைச் சொல்ற ஒரே சாட்சியை அழிக்கிற வேலை அது. சிவில் இன்ஜினீயரைக் கூப்பிடுங்க.

நகராத மயிரிழை விரிசல்னா நீங்களே சரி பண்ணலாம்:

* பட்டித் தகட்டால விரிசலை 'வி' வடிவத்துல கீறி, தூசியைத் தட்டுங்க.

* கிராக் ஃபில்லரை அழுத்தி நிரப்பி, நல்லா காயவிடுங்க.

* எமரி ஷீட் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, அப்புறம் பெயின்ட்.

* தூணும் செங்கல்லும் சேர்ற இடத்துல நேர்கோட்டு விரிசலா? பூச்சை உடைச்சு, கம்பி வலை அடிச்சு, மறுபடி பூசி, தண்ணி விட்டு ஆத்தணும்.

* ஜிப்சம் போர்டு தடுப்புன்னா சிமென்ட் வேண்டாம். இணைப்புல டேப் ஒட்டி, அதுக்கான ஜாயின்ட் பவுடரைக் குழைச்சுப் பூசணும். (ஒரு காலத்துல கடலா இருந்த பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக் களிமண்ல ஜிப்சம் இருக்கு. பேர்லயே 'காரை' வச்சிருக்கிற ஊர்!)

புதுசா வீடு கட்டப்போறீங்களா? ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த 'அண்டர்-ரீம்டு பைல்' பத்தி வீட்ல சொல்லுங்க. அடியில குமிழ் மாதிரி பருத்த கான்கிரீட் தூண், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்துல வீட்டைப் பிடிச்சுக்கும். பழைய வீடா? குளியலறைத் தண்ணியும் மழைத் தண்ணியும் சுவரோரம் தேங்காம சுத்தி சிமென்ட் தளம் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

லீவுக்கு ஊருக்குப் போறப்ப பையில ஒரு பென்சில் இருக்கட்டும். பெயின்ட் டப்பாவை அப்புறம் வாங்கிக்கலாம்!