"செகண்ட்ஸ்" இல்லாத வேலை!

குட்டீஸ்... திருப்பூர் என்றதும் பனியன்தானே ஞாபகம் வருகிறது? அங்கே காதர்பேட்டை கடைகளில் டி-சர்ட்டுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றில் பல, "செகண்ட்ஸ்" ரகம். பின்னலில் ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கும். அல்லது சாயம் திட்டாகப் படிந்திருக்கும். செக்கிங்கில் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கி விடுவார்கள். ஆனாலும், போட்டுக் கொள்ளலாமே! அதனால் விலை குறைத்து விற்கிறார்கள்.

"செகண்ட்ஸ்" என்ற பேச்சுக்கே இடமில்லாத தொழிலும் ஒன்று உண்டு. அணு உலைக் குழாய்களை வெல்டிங் செய்யும் வேலைதான் அது!

திருப்பூர் சாயப்பட்டறைகளில் பாய்லர் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து வரும் நீராவி சாயத் தண்ணீரைச் சூடாக்கும். அணுமின் நிலையத்திலும் நீராவிதான் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அங்கே விறகுக்குப் பதில், அணுக்கள் பிளக்கும்போது வெளிப்படும் வெப்பம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்பாக்கத்தில் 2004ல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் வேக ஈனுலையில், வெப்பத்தைச் சுமந்து வருவது உருகிய சோடியம். பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பார்களே, அதே உலோகம்தான். தண்ணீர் பட்டால் போதும், சோடியம் ஆவேசமாக வினைபுரியும்!

ஆனால், நீராவி தயாரிக்கத் தண்ணீர் வேண்டுமே? அதற்காக அங்கே எட்டு நீராவிக் கலன்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள். ஒவ்வொரு குழாயும் 23 மீட்டர் நீளம். குழாய்க்கு வெளியே சூடான சோடியம், உள்ளே தண்ணீர். இரண்டுக்கும் நடுவே 2.3 மில்லி மீட்டர் உருக்குச் சுவர் மட்டுமே!

உள்ளே இருக்கும் அழுத்தம், காற்றழுத்தத்தைப் போல சுமார் 170 மடங்கு. ஊசித் துளை அளவு ஓட்டை விழுந்தாலும், தண்ணீர் பீறிட்டுச் சோடியத்தில் பாயும். பக்கத்துக் குழாய்களும் அரிக்கப்படும். 1973ல், அன்றைய சோவியத் யூனியனின் பி.என்.350 உலையில் இப்படிக் கசிவுகள் ஏற்பட்டன.

அதனால்தான், கல்பாக்கம் குழாய்களுக்கு நடுவில் இணைப்பே கிடையாது. இரண்டு முனைகளிலும் மட்டும் கனமான உருக்குத் தகட்டோடு இணைக்க வேண்டும். கணக்குப் போடுங்கள் பார்க்கலாம்... 547 x 2 x 8 = 8,752 இணைப்புகள்!

குழாயின் உள்விட்டம் வெறும் 12.6 மில்லி மீட்டர். அதற்குள் மெல்லிய வெல்டிங் கருவியை நுழைத்து, வட்டமாகச் சுழல விடுவார்கள். டங்ஸ்டன் முனையிலிருந்து பாயும் மின்பொறி, உருக்கை உருக்கி ஒட்ட வைக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் இணைப்பு கெடும் என்பதால், சுற்றிலும் ஆர்கான் வாயுவைச் செலுத்துவார்கள்.

முனையில் துளி எண்ணெய்ப் பசையோ, ஈரமோ இருந்தால் போச்சு! உருகிய உலோகத்துக்குள் வாயுக்குமிழ் சிக்கி, ஓட்டையாகி விடும். அதனால் ஒவ்வோர் இணைப்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஹீலியம் வாயுவைச் செலுத்திக் கசிகிறதா என்றும் சோதிப்பார்கள்.

வெல்டர்களுக்கும் பரீட்சை உண்டு! அவர் ஒட்டிய மாதிரித் துண்டை வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் பெயில். பாஸ் செய்தவர் ஆறு மாதம் அந்த வேலையைச் செய்யாவிட்டால், பரவலாகப் பின்பற்றப்படும் விதிப்படி, தகுதி போய்விடும். எந்த இணைப்பை யார் ஒட்டினார் என்பதும் பதிவாகும்.

இந்த வித்தையை ஆராயவும், கற்றுத்தரவும் நம் திருச்சியிலேயே, "பெல்" நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. ஐ.டி.ஐ.,யிலும் வெல்டர் படிப்பு உண்டு.

இன்னொரு சேதி... வெல்டர்கள் பருத்தி உடைதான் அணிவார்கள். நைலான் என்றால், பொறி பட்டதும் உருகித் தோலில் ஒட்டிக் கொள்ளும்!

எக்ஸ்ரே, தவறு நடந்த பிறகுதான் காட்டும். முனையைச் சுத்தமாகத் துடைத்தோமா என்பது, துடைத்தவருக்குத்தான் முதலில் தெரியும். யாரும் பார்க்காத அந்த நிமிடத்தில் ஒழுங்காகத் துடைக்கிறாரே, அவர்தான் நல்ல வெல்டர். என்ன குட்டீஸ், சரிதானே?