எழுத நேரம் எங்கே இருக்கிறது?

மாதத்துக்கு ஒரு நாள் எனக்கு கிளினிக். சுபஹ் தொழுத கையோடு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பொறுப்பை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் வைத்தியசாலைக்குப் போய் இலக்கம் எடுக்க வேண்டும். வைத்தியரைக் காணப் பத்து மணியாகும். போன மாதம் அந்த வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என்னிடம் படித்த மாணவி. இப்போது அவரும் ஓர் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். படிக்கிற காலத்தில் தமிழ்த்தினப் போட்டியில் சிறுகதைக்குப் பரிசு வாங்கியவர்.

"டீச்சர், நீங்க எப்படி இன்னும் எழுதுறீங்க? எனக்கு ஒரு வரி எழுதவும் நேரமில்ல" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுக்கும்போதே என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, தொழிலுக்கும் பிள்ளைகளுக்கும் வருத்தத்துக்கும் நடுவில் பேனையை மூடி வைத்துவிட்ட எல்லோருக்கும் இது உதவலாம்.

நான் செய்த பிழை

நான் இதில் வெற்றி பெற்றவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் தோற்றுப் போனவள்தான். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சீனி வருத்தம் வந்தது. பிள்ளை பிறந்ததும் அது இறங்கிவிட்டது. ஆனால் கர்ப்ப காலத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் சாத்தியம் அதிகம், ஆகவே தொடர்ந்து இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் செய்யவில்லை. அந்த நேரத்தில் ஒரு சிறுகதைத் தொகுதியை முடிக்கும் வெறி எனக்கு.

பிள்ளைகள் தூங்கிய பிறகு பதினொரு மணிக்கு உட்காருவேன். இரண்டு மணி வரை எழுதுவேன். தூக்கம் வராமல் இருக்கச் சீனி போட்ட பிளேன்ரீயும் பிஸ்கட்டும். "என்ன புள்ள, இன்னும் படுக்கல்லியா?" என்று உம்மா அறை வாசலில் நின்று கேட்பது என் காதில் விழும்; ஆனாலும் எழும்ப மாட்டேன். காலையில் வகுப்பில் பிள்ளைகள் மீது எரிந்து விழுவேன். வீட்டில் என் பிள்ளைகள் மீதும் அப்படித்தான்.

ஒரு கிழமை என் மகன் காது நோவுகிறது என்று சொன்னான். "இருங்க மகன், இத முடிச்சிட்டு வாறன்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் இரவு காதிலிருந்து சீழ் வடிந்து தலையணை நனைந்திருந்தது. அல்லாஹ்வின் உதவியால் மருந்துடன் குணமாகிவிட்டது. ஆனால் அந்தத் தலையணை உறையைக் கழுவிய காலை இன்னும் என் மனதில் இருக்கிறது.

சில மாதங்களில் என் வலது தோள் இறுகத் தொடங்கியது. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்த முடியாது. பர்தாவைப் பின்னால் குத்த முடியாது. வைத்தியர் தோளைப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்கச் சொன்னார். சீனி மிக உயர்ந்திருந்தது. இப்படித் தோள் இறுகும் வருத்தம் சீனி உள்ளவர்களுக்கு மற்றவர்களை விட அதிகம் வருமாம்.

அத்தோடு எழுத்தை முற்றாக நிறுத்தினேன். எட்டு மாதம் ஒரு வரியும் எழுதவில்லை. அதுவும் மருந்தாகவில்லை. ஒரு நாள் என் கணவரே, "எழுதுற காலத்தில நீங்க ராவைக்கு மட்டும்தான் எங்களுக்கு இல்லாம இருந்தீங்க. இப்ப பகலைக்கும் இல்ல" என்றார்.

யாருடைய ஹக்?

மதீனாவில் நபியவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்த இரு தோழர்கள் ஸல்மான் அல்ஃபாரிஸி (ரழி), அபூதர்தா (ரழி). ஸல்மான் ஒரு முறை அபூதர்தாவின் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி தன்னைக் கவனிக்காத கோலத்தில் இருந்தார். விசாரித்தால், அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் அவரைச் சாப்பிட வைத்தார், இரவில் தூங்க வைத்தார், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும் உனது உடலுக்கும் உனது குடும்பத்துக்கும் உன் மீது உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்ற கருத்தில் அறிவுரை சொன்னார். நபியவர்களும் ஸல்மான் சொன்னதே உண்மை என்றார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது.

இந்தச் சம்பவத்தைப் பலமுறை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். நான் கவனிக்காமல் விட்ட விடயம் ஒன்று இருந்தது. அபூதர்தா வீணாக நேரத்தைக் கழித்தவர் அல்ல. அவர் செய்தது வணக்கம். வணக்கமே இன்னொருவருடைய ஹக்கில் கை வைக்கும்போது திருத்தப்பட்டது என்றால், என் சிறுகதை எம்மாத்திரம்?

ஆனால் அதே ஹதீஸில் எனக்கும் இடம் இருக்கிறது. உடலுக்கும் மனதுக்கும் ஹக் உண்டு என்றால், மனம் ஆறும் ஒரு காரியத்தை முற்றாகப் பறித்துவிடுவதும் சரியல்ல. அதன்பின் எழுத உட்காரும்போது எனக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நேரத்தை நான் யாரிடமிருந்து எடுக்கிறேன்? தூக்கத்திடமிருந்தா, பிள்ளையிடமிருந்தா, அல்லது தொலைபேசியை நோண்டும் நேரத்திலிருந்தா?

எழுத்து நான்கு வேலை

எழுதுவது என்றால் வெற்றுக் கடதாசியோடு மூன்று மணித்தியாலம் அமர்வது என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பவருக்கு ஒருபோதும் நேரம் கிடைக்காது. எழுத்துக்குள் நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே அளவு நேரமோ பலமோ தேவையில்லை.

முதலாவது குறிப்பு எடுப்பது. இதற்கு இரண்டு நிமிடம் போதும். கறி கொதிக்கும்போதும் கிளினிக் வாங்கிலும் செய்யலாம். தோள் நொந்த காலத்தில் கைத்தொலைபேசியில் பேசித்தான் குறிப்பெடுத்தேன். கூகிளின் குரல்வழித் தட்டச்சில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது. பிழைகள் விடும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது புதிதாக எழுதுவது. இதற்குத்தான் யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். பிள்ளைகள் அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் நேரத்தில் நாற்பது நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். அதற்கு மேல் நான் ஆசைப்படுவதில்லை. எழும்ப முன் அடுத்து என்ன வரும் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். இல்லாவிட்டால் அடுத்த நாளில் பத்து நிமிடம் 'எங்கே விட்டேன்' என்று தேடுவதிலேயே போய்விடும்.

மூன்றாவது திருத்துவது. இதற்குச் சத்தம் தடையில்லை. இடையில் எழும்பிப் போனாலும் வசனம் அங்கேயே காத்திருக்கும். பாடசாலையில் ஓய்வுப் பாடவேளை கிடைத்தால் செய்வேன்.

நான்காவது வாசிப்பது. காய்ச்சலிலும் களைப்பிலும் மற்ற மூன்றும் முடியாத நாளில் இது முடியும். வாசித்த நாளையும் எழுதிய நாளாகவே நான் கணக்கு வைப்பேன்.

நாற்பது நிமிடத்தில் என்ன கிழிக்கலாம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிழமைக்கு மூன்று தரம் என்றால் இரண்டு மணித்தியாலம். வருடத்துக்கு 100 மணித்தியாலத்துக்கு மேல். நோன்பு, தவணைப் பரீட்சை, பிள்ளையின் காய்ச்சல், எனது வருத்தம் எல்லாம் கழித்து 70 என்று வையுங்கள். ஒரு தரம் 150 சொல் எழுதினாலும் வருடத்தில் 15,000 சொற்கள். ஏழு சிறுகதை அளவு அது. சிறிதானாலும் தொடர்ந்து செய்யும் அமல் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியின் பயன் எழுத்திலும் தெரிகிறது.

எழுதும் வடிவத்தையும் வாழ்க்கைக்கு ஏற்பத் தெரிவு செய்யலாம். 2013இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் அலிஸ் மன்றோ, சிறு பிள்ளைகளை வளர்த்த காலத்தில் நாவலுக்கு நேரம் இல்லாததால்தான் சிறுகதை எழுதியதாகச் சொன்னவர். தொழிலும் எழுத்துக்கு எப்போதும் எதிரியல்ல. நமது சித்தி லெப்பை சட்டத்தரணி. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார், பாடசாலைகளுக்காகப் பாடுபட்டார், அந்த வேலைகளுக்கு நடுவேதான் 1885இல் அசன்பே சரித்திரம் வந்தது. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து ஆண்கள் எழுதும்போது சோறு யாரோ ஆக்கினார்கள், பிள்ளையை யாரோ தூக்கினார்கள்.

நிறுத்த வேண்டிய நாட்கள்

எழுதக் கூடாத நாட்கள் எனக்கு உண்டு. பிள்ளைக்கு வருத்தம் என்றால் கொப்பி மூடப்படும். பத்தரை மணிக்குப் பிறகு பேனை இல்லை. தூக்கம் குறைந்தால் சீனி கட்டுப்படாது என்பதை என் பரிசோதனைத் துண்டுகளே சொல்கின்றன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தால், முதல் வேலை நடைப்பயிற்சி. மத்ரஸா நேரம் அதற்குப் போய்விடும்.

இப்படி ஒரு மாதம் விடுபட்டால் முன்பு குற்ற உணர்ச்சியில் ஒரே இரவில் எல்லாவற்றையும் ஈடுசெய்யப் பார்ப்பேன். இப்போது அப்படியில்லை. தவறிய தொழுகைக்குக் கழா உண்டு. தவறிய எழுத்துக்குக் கழா இல்லை. அடுத்த நாற்பது நிமிடத்திலிருந்து தொடங்கினால் போதும்.

மனஅழுத்தத்துக்கு எழுத்து மருந்தாகுமா என்றும் சிலர் கேட்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தமது ஆழமான துயரங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே அவர்களுடைய மனம் மேலும் கனத்தது. ஆனால் தமது உணர்வுகளோடு சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. ஆகவே பயன் உண்டு, ஆனால் உடனே ஆறுதல் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்படி எழுதியதை யாருக்கும் காட்டவோ பிரசுரிக்கவோ தேவையில்லை. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் கொப்பியோடு தனியே இருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். வைத்தியரைக் காண்பது ஈமானின் குறைவல்ல.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நமது ஊர்களில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மேடையில் பெண் எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நீண்ட வாழ்த்துரை வழங்குகிறோம். அந்தப் புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் அவருடைய பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு கொடுத்தது யார் என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. பாடசாலையில் பரிசு வாங்கிய எத்தனையோ பெண்பிள்ளைகள் கல்யாணத்தோடு காணாமல் போகிறார்கள். திறமை போய்விடவில்லை. நாற்பது நிமிடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டில் இது எப்படி மாறியது என்றால், நான் வாய் திறந்து கேட்டேன். அதுவரை கேட்காமலேயே கோபித்துக்கொண்டிருந்தேன். இப்போது செவ்வாய், வியாழன், சனி அஸருக்குப் பிறகு சின்னவளை என் கணவர் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். தேநீரை உம்மா ஊற்றுவார். மஃரிப் பாங்கு சொன்னால் நான் எழும்பிவிடுவேன். அந்த ஒப்பந்தத்தை நான் மீறினால் அவர்களும் மீறலாம் என்று எனக்குத் தெரியும்.

என் அன்பு மாணவிக்கு: உங்களுக்கு எழுத நேரம் கிடைக்காது, மகள். யாருக்கும் கிடைக்காது. உங்கள் தூக்கத்திலும் பிள்ளைகளின் ஹக்கிலும் கை வைக்காத ஒரு சின்ன நேரத்தை வீட்டாரோடு பேசி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக் நாளில் சந்தித்தால், இன்ஷா அல்லாஹ், ஒரு பக்கமாவது கொண்டு வாருங்கள். இலக்கம் கூப்பிடும் வரை நமக்கு நான்கு மணித்தியாலம் இருக்கிறது. இருவருமாக உட்கார்ந்து திருத்தலாம்.