உங்களுக்குத் தெரியுமா? மாரடைப்புப் படிவைக் காட்டிக்கொடுக்கும் எலும்பு ஸ்கேன் மருந்து

ரத்தக்குழாயில் பாதியைக்கூட அடைக்காத கொழுப்புப் படிவும் திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து மாரடைப்பைக் கொண்டுவரலாம். ஆஞ்சியோகிராமில் அது சாதுவாகத்தான் தெரியும்.

இந்த ரகத்தைப் பிடிக்க எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்தது புது மருந்தல்ல. எலும்பு ஸ்கேனுக்கு 1960-களிலேயே வந்துவிட்ட கதிரியக்க சோடியம் ஃப்ளோரைடு. (பல பற்பசைகளில் உள்ள அதே உப்புதான், கதிரியக்கம் மட்டும் கூடுதல்!) கையில் ஊசி போட்டு, சுமார் ஒரு மணி நேரம் கழித்து பெட்-சிடி ஸ்கேனில் படுத்தால் போதும். இதயம் வரை குழாய் விடும் வேலையே இல்லை.

அழற்சி கண்ட படிவில் கால்சியம் பொடிப்பொடியாகச் சேரத் தொடங்கும். சாதாரண சிடி ஸ்கேனுக்குத் தப்பிவிடும் அந்தப் பொடியில் ஃப்ளோரைடு போய் ஒட்டிக்கொள்ள, ஸ்கேன் படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். 2014-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு, அதற்குக் காரணமான படிவே மற்றவற்றைவிட அதிகமாக ஒளிர்ந்தது. என்ன, இது மாரடைப்பு வந்த பிறகு எடுத்த படம். வருமுன் சொல்வது இன்னும் கடினமான வேலை.

மருந்தை வாங்கிக் கையிருப்பு வைக்கவும் முடியாது: 110 நிமிடத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும்.