40-40க்குப் பிறகு ஒரே ஒரு புள்ளி

டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் 40-40 என்றால் டியூஸ். அங்கிருந்து அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுப்பவருக்கே அந்த கேம். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் மறுபடியும் டியூஸ். எத்தனை முறை வேண்டுமானாலும் இழுக்கும். இரட்டையரில், ஆண்களுக்கான ஏடிபி சுற்றிலும் அதற்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளிலும், அந்த இழுபறி கிடையாது. 40-40 வந்துவிட்டால் ஒரே புள்ளி, எடுத்த ஜோடிக்கு கேம். அந்தப் புள்ளியில் சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்பதையும் சர்வை வாங்கும் ஜோடிதான் தீர்மானிக்கும். ஆளுக்கு ஒரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக்கர். ஆட்டம் மணிக்கணக்கில் நீளக்கூடாது என்பதற்காக 2006இல் வந்த விதி இது.

நேரத்தை மிச்சப்படுத்த வந்த விதி ஆட்டத்தின் கணக்கையே மாற்றிவிட்டது. சர்வ் போடும் ஜோடி நூறு புள்ளியில் 65ஐ எடுக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் டியூஸ் ஆன பிறகு அந்த கேமை அது வெல்லும் வாய்ப்பு 77 சதவீதத்துக்கும் மேல். இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பலமுள்ளவரைக் காப்பாற்றும். ஒன்று தவறினாலும் திரும்பி வர வழியுண்டு. புதிய முறையில் அந்தக் காப்பு இல்லை, வாய்ப்பு வெறும் 65. இதே ஜோடியின் சர்வில் ஏறக்குறைய நான்கு கேமுக்கு ஒன்று 40-40ஐத் தொடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

10 புள்ளி டை-பிரேக்கர் இன்னும் கொடுமை. சர்வ் யார் போட்டாலும் நூற்றுக்கு 55 புள்ளி எடுக்கும் ஜோடி எதிராளியைவிடத் தெளிவாக மேலானது. ஆனாலும் இத்தகைய டை-பிரேக்கர்களில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றை அது தோற்கும் என்கிறது கணக்கு. நம் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சென்னை ஓப்பன் இரட்டையரை ஐந்து முறை வென்றார்கள். 1997, 1998, 1999, 2002 பட்டங்கள் பழைய முறையில். 2011ஆம் ஆண்டுப் பட்டம் மட்டும் இந்தப் புது முறையில். ஓரிரு புள்ளியில் முடிவு மாறிவிடும் இந்த முறையிலும் அவர்கள் ஜெயித்ததை நான் தனியாகவே மதிக்கிறேன்.

சேலஞ்சரில் இந்தக் கணக்கு வயிற்றிலும் அடிக்கும். பொதுவாக 16 ஜோடிகள், பட்டத்துக்கு நான்கு வெற்றி. முதல் சுற்றிலேயே தோற்றால் தரவரிசைப் புள்ளி எதுவும் கிடையாது. அடுத்த வாரம் இன்னோர் ஊர், பல சமயம் இன்னொரு கூட்டாளி. போட்டியில் இடம் கிடைப்பதே இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்த்துத்தான். ஒரு வாரத்து உழைப்பு இரண்டு மூன்று பந்துகளில் தீர்ந்துவிடலாம் என்னும்போது, அந்தப் பந்துகளுக்கு முன்பே என்ன செய்துகொள்ள முடியும் என்று யோசிப்பதே இரட்டையர் கலை.

களத்தின் அளவிலிருந்து தொடங்குவோம். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 8.23 மீட்டர். இரட்டையருக்கு இருபுறமும் 1.37 மீட்டர் சேர்ந்து 10.97 மீட்டர். அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆட்களோ இரட்டிப்பாகிறார்கள். அதனால் ஒருவர் வலையருகே நின்று பந்தை வழியிலேயே மறிக்கலாம். ஆனால் அவருக்கு இருக்கும் நேரத்தைப் பாருங்கள். எதிர்ப்புறம் பின்கோட்டில் நிற்பவர் சர்வைத் திருப்பி அடிக்கிறார். பந்து சுமார் 15 மீட்டர் கடந்து இவரை அடைய வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை விநாடிகூட ஆகாது. கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே அதில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். மிச்ச நேரத்தில் இரண்டு எட்டு வைத்து, ராக்கெட்டை நீட்டி, பந்தைத் திசை திருப்ப வேண்டும். பார்த்த பிறகு ஓடினால் எட்டாது. எனவே பந்து அடிபடும் நொடியிலேயே, எங்கே வரும் என்று ஊகித்துப் புறப்பட்டாக வேண்டும்.

இதற்காகத்தான் அந்த விரல் சைகை. சர்வுக்கு முன்னால் வலையருகே நிற்பவர் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து, குறுக்கே பாயப்போகிறேனா, நின்ற இடத்திலேயே இருப்பேனா என்பதைக் கூட்டாளிக்குக் காட்டுகிறார். சிலர் வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு பேசியே முடிவு செய்வார்கள். இன்னும் நுட்பமானது ‘ஐ’ அமைப்பு. வலையருகே இருப்பவர் நடுக்கோட்டின் மேல் தலை தட்டாதபடி குனிந்து உட்கார்ந்துவிடுவார். சர்வ் அவருக்கு மேலே பறக்கும். அவர் இடம் பாய்வாரா வலம் பாய்வாரா என்று தெரியாமலே எதிராளி பந்தை அடிக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் பாய்ந்தால் எதிராளி கண்டுபிடித்து மறுபக்கம் அடித்துவிடுவார். ஆகவே யாரும் ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றி ஆட வேண்டும். கணிதத்தில் ஆட்டக் கோட்பாடு பேசுகிற விஷயத்தை இவர்கள் விரல்களால் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எதிராளியைக் குழப்ப இன்னொரு வழியும் உண்டு. ஜீவன் நெடுஞ்செழியன் இடக்கைக்காரர், விஜய் சுந்தர் பிரசாந்த் வலக்கைக்காரர். ஒரு ஜோடியில் இரு கையும் இருந்தால் கேமுக்கு கேம் சர்வின் சுழல் மாறும். எதிராளியின் கண் பழகுவதற்குள் திசை திரும்பிவிடும். சேலஞ்சர் களங்களில் ஆடி ஆடி வளர்ந்த இந்தச் சென்னைக்காரர்கள் 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஏடிபி பட்டத்தை வென்றார்கள். இறுதிப் போட்டியில் முதல் செட் போனது. இரண்டாவது செட் டை-பிரேக்கரில் வந்தது. பிறகு 10 புள்ளி டை-பிரேக்கரை 10-7 என்று முடித்தார்கள். ஜீவன் 2017இல் ரோகன் போபண்ணாவுடன் சென்னை ஓப்பனை வென்றவர்; பிரசாந்துக்கோ இதுவே முதல் ஏடிபி பட்டம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் நடக்கும்போது பலர் ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இரட்டையருக்கும் உட்காருங்கள். முதல் இரண்டு கேமுக்குப் பந்தைப் பார்க்காமல், சர்வ் போடுபவரின் கூட்டாளி முதுகுக்குப் பின்னால் என்ன விரல் காட்டுகிறார் என்று மட்டும் பாருங்கள். சர்வ் போடும் ஜோடிக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள்தான் இதற்கு நல்ல இடம்.