வலுத் தெளிகருவியின் கம்பியில்லாக் கட்டுப்பாடு

வலுத் தெளிகருவியின் எஞ்சினும் பம்பியும் ஓரிடத்தில் நிற்க, மருந்து தெளிப்பவர் நீண்ட குழாயுடன் பயிர்களுக்கிடையே செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உயர் அமுக்கத்தால் குழாய் வெடித்தால் பீடைநாசினி அவரது உடலிற் படும். எஞ்சினை நோக்கி ஓடிச்சென்று நிறுத்துவதற்குள் தாமதமாகிவிடும். கம்பியில்லாத் தொலைக் கட்டுப்பாடு இங்கு உதவுகின்றது.

கையிலுள்ள அனுப்பியின் பொத்தானை அழுத்தியதும் குறியீட்டைத் தாங்கிய வானொலி அலை வெளிவிடப்படும். பம்பிக்கு அருகிலுள்ள வாங்கி அக்குறியீட்டை இனங்கண்டு, வரிச்சுருளுக்குரிய மின்னோட்டத்தைத் தொடுக்கும் அல்லது துண்டிக்கும். மின்னோட்டம் பாயும்போது வரிச்சுருள் காந்தமாகி வால்வைத் திறக்கும். மின்னோட்டம் நின்றதும் விற்சுருள் வால்வை மூடும். அப்போது திரவம் அமுக்கச் சீராக்கியினூடாகத் தாங்கிக்குத் திரும்பும்.

தொலைக்காட்சியின் தொலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் செங்கீழ்க் கதிர்கள் பயன்படுகின்றன. அவற்றை இலைகள் தடுத்துவிடும். ஆனால் 433 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள வானொலி அலையின் அலைநீளம் ஏறத்தாழ 0.7 மீற்றர் ஆகும். எனவே அது இலைகளைச் சுற்றி வளைந்து செல்லும்.

சிந்தியுங்கள்: மின்கலம் செயலிழந்தால் வால்வு திறந்திருப்பதா, மூடியிருப்பதா பாதுகாப்பானது? மூடியிருப்பதே. ஆகவேதான் மின்னோட்டம் இல்லாதபோது தானாக மூடும் வால்வு பொருத்தமானது. விடையளிக்கும்போது இக்காரணத்தையும் எழுத மறவாதீர்கள்.