தங்க நிறக் காடை: ஜோடி சேர்ப்பதில் கவனம் தேவை

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலேயுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் சிறு விவசாயிகளின் வருமானம் ஏலக்காய், காப்பி, மா, இலவம் ஆகியவற்றின் பருவத்தையே நம்பியுள்ளது. பருவம் தவறினால் கைச்செலவுக்கும் திண்டாட்டம்தான். இவர்களுக்கு, ஐந்து வாரத்தில் இறைச்சிக்குத் தயாராகிவிடும் ஜப்பானியக் காடை ஏற்ற உபதொழில். ஒரு கோழிக்கு வேண்டிய இடத்தில் எட்டு முதல் பத்துக் காடைகள் வளர்க்கலாம்.

இக்காடை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்திலுள்ள இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் இயல்பான நிறம் பழுப்பு. வெள்ளை, தங்கம் போன்ற நிறங்களும் உண்டு. தங்க நிறக் காடை பார்வைக்கு அழகாக இருப்பதால், ஆண், பெண் இரண்டையும் அதே நிறத்தில் வாங்கிக் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்படுவது இயற்கை. நஷ்டம் தொடங்குவதும் இங்கேதான்.

முட்டைக்குள் நடப்பது என்ன?

இறகின் நிறத்தைத் தீர்மானிப்பவை ஜீன்கள் எனப்படும் மரபணுக்கள். தங்க நிறம் தரும் 'மஞ்சள்' ஜீன் தாய், தந்தை ஆகிய இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் போதும், குஞ்சு தங்க நிறமாகும். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கரு ஆரம்பத்திலேயே இறந்துவிடும். எலிகளிலும் இத்தகைய மஞ்சள் ஜீன் உண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி குயெனோ 1905-ஆம் ஆண்டிலேயே அதன் விசித்திரப் போக்கை எடுத்துக்காட்டினார்.

கரு கூடிய நூறு முட்டைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். தங்க நிற ஆணையும் தங்க நிறப் பெண்ணையும் சேர்த்தால் சுமார் 25 முட்டைகளில் கரு இறந்துவிடும். 50 தங்க நிறக் குஞ்சுகளும் 25 பழுப்புக் குஞ்சுகளும் கிடைக்கும். தங்க நிற ஆணைப் பழுப்புப் பெண்ணுடன் சேர்த்தாலோ 50 தங்க நிறம், 50 பழுப்பு என நூறும் உருவாகும். தங்க நிறக் குஞ்சு இரண்டிலும் ஐம்பதுதான். முதல் முறையில் 25 குஞ்சுகள் வீணாகின்றன. மற்றக் காரணங்களால் ஏற்படும் இழப்பு இதற்கு மேல்.

கரு வெகு சீக்கிரமே இறப்பதால் முட்டை கூமுட்டை போலவே தோன்றும். விவசாயி ஆண் காடையையோ, குஞ்சு பொரிக்கும் கருவியையோ குறை கூறுவார். தங்க நிறப் பெற்றோருக்குப் பழுப்புக் குஞ்சு பிறந்தால், அது இந்த ஜீனின் வேலை என்று அறியலாம். மலைச் சரிவில் இரவுக் குளிரால் ஏற்படும் சாவு வேறு. அது பொரித்த பிறகு, முதல் இரண்டு வாரங்களில் நேர்வது. அதற்கு மின்விளக்கு வெப்பமும் காற்றுத் தடுப்பும் பரிகாரம். ஜீனால் வரும் இழப்புக்கு ஜோடியை மாற்றுவதே பரிகாரம்.

மற்ற நிறங்கள்

வெள்ளைக் காடையில் உரித்தபின் தோலில் கருமையான இறகுக் குருத்துகள் தெரியாது. இறைச்சி சுத்தமாகத் தோன்றும். ஆனால் பழுப்புக் காடையில் மூன்றாவது வாரத்திலேயே மார்பைப் பார்த்து, செம்பழுப்பு என்றால் ஆண், கரும்புள்ளி என்றால் பெண் எனப் பிரித்துவிடலாம். வெள்ளையில் இது முடியாது. பருவமடையும்வரை காத்திருக்க வேண்டும்.

குஞ்சாக இருக்கும்போதே சிவந்த கண்ணுடன் வெளிறிய நிறத்தில் இருப்பவற்றை இனவிருத்திக்கு வைக்கலாகாது. இவற்றின் நிறமிக் குறைவு கண்ணையும் பாதிக்கும்.

எடைக்குத் தராசே சாட்சி

நிறத்தை மட்டும் பார்த்து இறைச்சி எடையைக் கணிக்க முடியாது. எடை கூடுவதற்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வும், தீவனமும், வெப்பமும் முக்கியம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் காடை, நந்தனம் காடை ஆகிய இனங்கள் உள்ளன. இனவிருத்திக்குப் பறவை வாங்குவோர் விற்பவரின் பேச்சை நம்பாமல் ஐந்தாவது வார எடையைக் கேட்க வேண்டும். ஒரே நாளில் பொரித்து, ஒரே கூண்டில், ஒரே தீவனத்தில் வளர்ந்த இரு நிறங்களையும் 35-ஆவது நாளில் நிறுத்துப் பார்ப்பது நன்று. பெண் காடை ஆணைவிடக் கனமாக இருப்பதால், ஆணை ஆணுடனும் பெண்ணைப் பெண்ணுடனும் ஒப்பிட வேண்டும்.

ஒரே கூட்டத்துக்குள் உடன்பிறந்தவற்றைத் தொடர்ந்து சேர்த்தால் எந்த நிறமானாலும் பொரிப்பும் எடையும் குறையும். அவ்வப்போது வேறு பண்ணையிலிருந்து நல்ல ஆண்களைக் கொண்டுவர வேண்டும். சந்தேகமிருப்பின் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையையோ, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம்.

தங்க நிறத்தை விரும்புவோர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. பழுப்புடன் சேர்த்தால் போதும். அழகும் கிடைக்கும், முட்டையும் வீணாகாது.