பின்வரிசையிலிருந்து எழுந்த டிராம்போன்

பெட்டிக்குள் இருக்கும் இந்தப் பித்தளைக் குழாயை வளைவுகளின்றி நீட்டினால் ஏறத்தாழ 2.7 மீட்டர் வரும். விரலுக்குச் சாவிகள் இல்லை. வலக்கை இழுக்கும் சறுக்குக் குழாய்க்கு ஏழு நிலைகள். எதற்கும் கோடோ குறியோ கிடையாது. காதுதான் அளவுகோல். விரலகலம் தவறினால் சுருதி விலகிவிடும்.

சிம்பொனி மேடையில் இதற்கு நெடுங்காலம் பின்வரிசைதான். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் (1808) மூன்று டிராம்போன் கலைஞர்களும் முதல் மூன்று பகுதிகள் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் பகுதி தொடங்கியதும், உதடு பதப்படாமலே முழு வீச்சில் ஊத வேண்டும்.

சுவீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் (பிறப்பு 1958) அந்த நாற்காலியில் நெடுநாள் இருக்கவில்லை. ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜாக் டீகார்டனின் இசைத்தட்டுகளில் மயங்கி, 17 வயதில் இரவல் கருவியில் ஊதத் தொடங்கியவர். 19 வயதில் ஸ்டாக்ஹோம் அரச ஆப்பெராவின் இசைக்குழுவில் வேலை கிடைத்தது. கைக்கு வந்ததை அடுத்த ஆண்டே உதறிவிட்டுத் தனிக் கச்சேரிக்குப் புறப்பட்டார்.

வாசிக்கத்தான் உருப்படிகள் போதவில்லை. ஆகவே புதிதாக எழுதவைத்தார். யான் சாண்ட்ஸ்ட்ரோமின் ‘மோட்டார்பைக் கன்சர்ட்டோ’வுக்குத் தோல் உடையில் மேடையேறி, சறுக்குக் குழாயை இழுத்தே வண்டி உறுமும் ஓசையை எழுப்புவார். பார்ப்பவருக்கு வேடிக்கை, வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். லூசியானோ பெரியோவும் அவருக்கென ‘சோலோ’ எழுதினார். இப்படி அவர் அரங்கேற்றியவை 300க்கும் மேல்.

சறுக்குக் குழாயின் கீழ்வளைவில் ஒரு சிறு மூடி தெரிகிறதா? ஊதும்போது உள்ளே சேரும் நீரை, உருப்படியின் இடையே கிடைக்கும் ஓரிரு நொடிகளில், அதைத் திறந்துதான் வடிப்பார்கள்.